ராணுவச் செவிலியராக நீட் எழுதாமல் வழி உண்டா?

தருமபுரித் தந்தை:
வணக்கம். என் மகள் உயிரியல் பிரிவில் பிளஸ் டூ தேறியிருக்கிறாள். ராணுவத்தில் இருக்கும் என் தம்பியைப் பார்க்க வெலிங்டன் ராணுவ மருத்துவமனைக்குச் சென்றபோது, தோளில் இரண்டு நட்சத்திரங்களுடன் ஒரு பெண் அவனுக்கு ஊசி போட்டதைக் கண்டாள். அன்று முதல் அந்தப் பணியையே விரும்புகிறாள். ஆனால் அவள் நீட் எழுதவில்லை. மருத்துவமனையிலேயே படிக்கும் டிப்ளமோவில் சேர்த்தால் போதுமா? திருமணமானால் வேலை போய்விடும் என்கிறார்களே, அது உண்மையா?

செவிலியர் கல்லூரி ஆசிரியை:
ஐயா, வழி இரண்டு உண்டு. புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு ஆகிய ஆறு இடங்களில் ஆயுதப்படை நடத்தும் கல்லூரிகளில், பெண்களுக்கு மட்டும் 220 இடங்களில் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் கற்பிக்கிறார்கள்; 2022 முதல் இதற்கு நீட் மதிப்பெண் தேவை, அதன்பின் கணினித் தேர்வு, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை எனப் பல கட்டங்களைத் தாண்ட வேண்டும். பிளஸ் டூவை முதல் முயற்சியிலேயே 50 விழுக்காட்டுடன் முடித்திருப்பதும் கட்டாயம்.

நீட்டுக்காக ஓராண்டு காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே நடக்கிறது. அதை முடித்து, மாநிலச் செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, அறிவிப்பு வரும்போது ராணுவச் செவிலியர் பிரிவின் குறுகிய காலப் பணிக்கு விண்ணப்பிக்கலாம். அங்கும் தேர்வு உண்டு, ஆனால் நீட் இல்லை. டிப்ளமோ மட்டும் போதாது. அதன்மேல், டிப்ளமோ முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. பட்டமும் படித்தாக வேண்டும்.

ஓய்வு பெற்ற செவிலி அதிகாரி:
திருமணத் தடை பழைய கதை. அந்த விதி 1995இல் நீக்கப்பட்டது. அந்த விதியால் 1988இல் வேலையிழந்த ஓர் அதிகாரிக்கு 60 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயுதப்படைக் கல்லூரியில் சேர்ந்தால், பயிற்சி முடியும்வரை மட்டும் திருமணம் கூடாது.

உங்கள் மகள் கண்ட இரண்டு நட்சத்திரம் லெப்டினன்ட் பதவிக்குரியது. அதோடு இடமாற்றமும் இரவுப் பணியும் சேர்ந்தே வரும் என்பதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். பனிக்கடியால் கால்விரல்கள் கறுத்துப்போன ஓர் இளஞ்சிப்பாய்க்கு நான் நாள்தோறும் கட்டு மாற்றியபோது, வலியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், "எப்போது யூனிட்டுக்குத் திரும்பலாம் மேடம்?" என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருப்பான். அதற்குப் பொய் சொல்லாமல் பதில் சொல்வதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

தருமபுரித் தந்தை:
இருவருக்கும் நன்றி அம்மா. டிப்ளமோவுக்கு நாளை முன்பணம் கட்டவிருந்தோம், நிறுத்திவிட்டேன். பி.எஸ்சி. விண்ணப்பத்தை மகளே நிரப்பிக்கொண்டிருக்கிறாள்.