சிறையிலிருந்து திரும்பிய தம்பியை எந்தத் தொழிற்பயிற்சியில் சேர்க்கலாம்?

கேள்வி (தங்கச்சிமடம்)

வணக்கம். என் தம்பிக்கு 29 வயது. மதுரை மத்தியச் சிறையில் நான்கு ஆண்டுகள் இருந்துவிட்டுத் தை மாதம் வீடு திரும்பினான். அங்கே தையல் கற்றான். அதில் அவன் மனம் ஒட்டவில்லை. முன்பு கடலுக்குப் போனவன்தான் என்றாலும், மீண்டும் விசைப்படகில் ஏறினால் பழைய கூட்டாளிகளோடுதான் நாளெல்லாம் இருக்க வேண்டிவரும் என்று அவனே அஞ்சுகிறான். எட்டாம் வகுப்புவரை படித்தவனுக்கு வெல்டிங் பயிற்சி கிடைக்குமா? சேரும்போது வழக்கைப் பற்றிக் கேட்பார்களா? இரண்டு மாதமாக வாசலைத் தாண்டாமல் இருப்பவனைப் பார்க்கப் பொறுக்காமல் கேட்கிறேன்.

பதில் (மண்டபம், படகுப் பட்டறை)

அம்மா, முதலில் காலத்தைக் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில்தான் படகுகளைக் கரையேற்றி, பழுதான பலகையை மாற்றி, வர்ணம் பூசி, இன்ஜினைப் பிரித்துப் பார்த்து, சுக்கானுக்கும் வலை இழுக்கும் வின்ச்சுக்கும் வெல்டிங் வைத்து முடிப்பார்கள் என்பதால், மற்ற மாதங்களில் ஆள் வேண்டாம் என்னும் பட்டறைக்காரரும் அப்போது கையாள் தேடுவார். பங்குனி முடிவதற்குள் உங்கள் தம்பி ஒரு பட்டறையில் சேர்ந்துவிட வேண்டும். கூலி குறைவுதான்; ஆனால் அவர் கை எப்படிப்பட்டது என்பது இரண்டே மாதத்தில் கரை முழுவதும் தெரிந்துவிடும்.

அவருக்காக நீங்கள் போய்ப் பேச வேண்டாம். எங்கே இருந்தேன் என்பதை அவரே முதல் நாளில் சொல்லட்டும். பின்னால் பிறர் வாயிலாகத் தெரியவரும்போதுதான் முதலாளியின் மனம் கசக்கிறது.

பதில் (ராமநாதபுரம்)

அக்கா, நானும் சிறையிலிருந்து வந்து அரசு ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்தவன். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும், ஓராண்டுப் படிப்பு. பள்ளிச் சான்றிதழ்களைத்தான் கேட்டார்கள், என் வழக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அது குடும்பம் நடத்தப் போதாது என்பதால் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஒரு கிரில் பட்டறையில் வேலை பார்த்தேன். சிறையில் உழைத்த கூலியில் மிஞ்சியிருந்ததைக் கொண்டு காலணியும் முகக்கவசமும் வாங்கினேன்.

பதினேழு வயதுப் பையன்களோடு பெஞ்சில் உட்காருவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. முதல் மாதத்திலேயே இரண்டு முறை நின்றுவிட நினைத்தேன். உங்கள் தம்பி சேர்ந்தால், அந்த முதல் மாதத்தில் வீட்டில் யாரும் அவரைக் கேள்வி கேட்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓராண்டு முடியாதென்றால், வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் உணவும் தங்குமிடமும் தந்து குறுகிய காலப் பயிற்சிகளை இலவசமாக நடத்துகிறார்கள். விடுதலை பெற்ற சிறைவாசிகளுக்கான உதவிச் சங்கமும் இருக்கிறது. மாவட்ட நன்னடத்தை அலுவலரைப் பார்த்து அதைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இவற்றை அவனிடமே படிக்கக் கொடுத்தேன். தடைக்காலத்தில் பட்டறை, பிறகு ஐ.டி.ஐ. என்று முடிவு செய்திருக்கிறான். திங்கட்கிழமை மண்டபத்துக்கு அவன் தனியாக வருவான்.

பதில் (மண்டபம், படகுப் பட்டறை)

காலை ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள், அம்மா. தீப்பொறி படும் என்பதால் பருத்திச் சட்டை போட்டுக்கொண்டு வரட்டும்.