அப்பாவின் சிரசாசனமும் கண் அழுத்தமும்: வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 67 வயது. போன மாதம் கிளாக்கோமா (பெரும்பாலும் கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் நோய்) என்று சொல்லிவிட்டார்கள். இரவு படுக்கும் முன் கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து. உட்கார வைத்து அளந்தபோது கண் அழுத்தம் 18 மி.மீ. பாதரசம். 21 வரை இயல்பு என்பார்களே, சரி, சமாளிக்கலாம் என்றிருந்தோம்.

ஆனால் அவர் முப்பது வருடமாக விடியற்காலையில், சுவரோரம் மடித்துப் போட்ட ஜமுக்காளத்தில் தலை வைத்து சிரசாசனம் செய்பவர். நேற்று காலை அவர் இறங்கியதும் பார்த்தேன், வெள்ளை விழியெல்லாம் சிவந்து கிடந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

தேடிப் படித்தேன். சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், யோகா செய்யும் 75 பேருக்குச் சிரசாசனத்தின்போது கண் அழுத்தம் ஏறக்குறைய இரு மடங்கானது. வெறுமனே மல்லாந்து படுத்தாலே சில புள்ளிகள் ஏறும். தலை தாழ்ந்தால் கண்ணிலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சிரைகளில் அழுத்தம் கூடுகிறது. கண்ணுக்குள் ஊறும் நீர் வடியச் சிரமப்படுகிறது. விண்வெளியின் எடையின்மையில் உடல் நீர் தலைப்பக்கம் ஏறுவது போன்றவற்றைத் தரையிலேயே ஆராய, ஜெர்மனியின் கொலோன் நகரில் 2019-இல் ஆட்களை 60 நாள் தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்ந்த கட்டிலில் படுக்க வைத்தார்கள். வெறும் 6 டிகிரி! அப்பா நிற்பதோ முழுக்கத் தலைகீழாக.

கிளாக்கோமா வந்தபின் யோகாவை மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா? சர்வாங்காசனமும் (தோளில் நின்று கால்களை மேலே தூக்குவது) கூடாதா, எதை வைத்துக்கொண்டீர்கள்? தலைமாட்டை உயர்த்திப் படுத்ததில் பலன் தெரிந்ததா? அப்புறம், மதுரைப் பக்கம் படுத்த நிலையிலும் அழுத்தம் அளந்து பார்ப்பவர்கள் எங்கே? அடுத்த வாரம் மருத்துவரிடம் போகிறோம், என்னென்ன கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.