கைமாற்றும் கைநழுவிய நட்பும்

சம்பளம் ஏறத்தாழ இரட்டிப்பான ஆண்டில், இனி மனத்துக்குக் குறை ஏதும் இராது என்று நம்பியவன் நான். அந்த நிறைவு ஐந்தாறு மாதங்களுக்கு மேல் நிற்கவில்லை. புதிய வருமானம் பழகிப்போனதும், என்னைவிடக் கூடுதலாக வாங்குபவர்கள் மட்டுமே கண்ணில் படத் தொடங்கினார்கள். ஒரு நாட்டுக்குள் வசதியுள்ளோர் வறியோரைவிட மகிழ்ச்சியாக இருந்தாலும், நாடு முழுவதன் வருமானம் நெடுங்காலம் உயரும்போது மகிழ்ச்சி அதற்கேற்ப உயர்வதில்லை என்று பொருளியலாளர் ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974இல் முன்வைத்த கருத்தை அப்போதுதான் படித்தேன். அதை மறுப்போரும் உண்டு. என் அளவில் அது பொருந்தியது. ஆனாலும், பணம் ஒரு பொருட்டல்ல என்று சொல்ல எனக்கு வாய் வராது. மாதக் கடைசியில் யாரிடம் கைமாற்று கேட்பது என்று விழித்துக் கிடந்த இரவுகளை ஒழித்தது அந்தச் சம்பளம்தான்.

நான் சொல்ல வந்தது வேறு. அதே காலத்தில் நெருங்கிய நண்பர் ஒருவர் என்னிடம் ஒரு தொகையைக் கைமாற்றாக வாங்கினார். சில மாதங்களில் அவர் பேசுவது குறைந்து, பிறகு அடியோடு நின்றது. என் உயர்வு அவருக்குப் பொறுக்கவில்லை என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். எட்டு ஆண்டுகள் கழித்து ஒரு துக்க வீட்டில் எதிரெதிரே நின்றபோது, "பணத்தோடுதான் உன் முகத்தில் விழிக்க வேண்டும் என்றிருந்தேன்" என்றார். எனக்கோ அந்தத் தொகையே மறந்துபோயிருந்தது. திருப்பித் தர வேண்டாம் என்று அன்றே சொல்லியிருக்கலாமே என்றும், சொல்லியிருந்தால் அவர் இன்னும் கூசியிருப்பாரோ என்றும் இரு விதமாகவும் நினைத்துப் பார்க்கிறேன்.

*

மேலே எழுதியவரின் அனுபவத்துக்கு என்னுடையது நேர்மாறானது. பணி ஓய்வு பெற்றபோது என்னிடம் சேமிப்பு போதுமான அளவு இருந்தது. நாள்தோறும் ஓயாமல் ஒலித்த தொலைபேசிதான் ஒரே மாதத்தில் அடங்கிவிட்டது. ஒரே மனிதர்களின் வாழ்க்கையைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து கவனிக்க, அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938இல் தொடங்கி இன்றும் தொடரும் ஆய்வு, ஐம்பது வயதில் உறவுகளில் நிறைவு கண்டவர்களே எண்பது வயதில் கூடுதல் நலத்துடன் இருந்ததாகக் கூறுகிறது. உடல்நலம் உள்ளவர்களுக்குத்தான் உறவைப் பேணும் தெம்பும் இருக்கும் என்ற ஐயம் எனக்கு உண்டு. தொடக்கத்தில் அந்த ஆய்வு ஆண்களை மட்டுமே எடுத்துக்கொண்டது என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தும், என் உடன் பணியாற்றியவர்களுள், நான் அதிகம் பேசியே இராத ஒருவர் மட்டும் மாதம் ஒருமுறை அழைத்து நலம் விசாரிக்கிறார். இப்போதெல்லாம் அந்த அழைப்பு ஓரிரு நாள் தள்ளிப்போனால் நானே அழைத்துவிடுகிறேன்.