பெரியவீடு குடும்ப அரட்டைக் குழு: ஃபின்லாந்தின் எஸ்போ நகரில் கிடா வேஷம்

செல்வி: 24ஆம் தேதி சாயங்காலம் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு உங்கள் மாப்பிள்ளைதான் யோலுபுக்கி. எல்லோரும் சேர்ந்து கேட்டார்கள், மறுக்க முடியவில்லை. அம்மா, நீ வரும்போது சிவப்பு அங்கி தைத்துக்கொண்டு வருவாயா? இங்கே வாடகைக்கு எடுக்கவா?

பெரிய அத்தை: மாப்பிள்ளை வேஷம் போடுவதா?

கார்த்தி: போனில் போட்டுப் பார்த்தேன். யோலு என்றால் கிறிஸ்துமஸ். புக்கி என்றால் ஆட்டுக்கிடா 😳

அம்மா: கிடாவா??

பெரிய அத்தை: சம்பந்தி காதில் விழுந்தால் என்ன நினைப்பார்கள்

செல்வி: அத்தை, கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு ஃபின்லாந்தில் பெயரே அதுதான். இரண்டுமே ஸ்காண்டிநேவியப் பக்கமிருந்து வந்த சொற்கள். முன்பு ஜனவரி 13, நூட்டி நாளில் ஆண்கள் ரோமக்கோட்டை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, பிர்ச் மரப்பட்டை முகமூடி, கொம்பு எல்லாம் வைத்து வீடு வீடாகப் போவார்கள். பரிசு கொடுக்க இல்லை! பண்டிகையில் மிஞ்சிய சாப்பாடும் பீரும் கேட்டு. கொடுக்காவிட்டால் ரகளை. அந்த வேஷக்காரர் நூட்டிபுக்கி. 19ஆம் நூற்றாண்டில் பரிசு தரும் தாத்தா இவரோடு கலந்துவிட்டார். கொம்பு போய்விட்டது, கிடா என்ற பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சித்தப்பா: மிஞ்சியதைக் கேட்டு வருவதா, நம் மணி மாதிரி 😂

மணி மாமா: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்

பெரியப்பா: கிடா என்றதும்தான் ஞாபகம். செல்விக்கு வேலை கிடைத்தால் வெட்டுவதாகக் கருப்பசாமிக்கு நேர்ந்தது இன்னும் பாக்கி. யார் யார் எவ்வளவு?

மணி மாமா: போன தடவையே என் பங்கைக் கொடுத்துவிட்டேன்

பெரிய அத்தை: யாரிடம்?

மணி மாமா: அண்ணனைக் கேளுங்கள்

அம்மா: அந்தப் பேச்சு இப்போது வேண்டாம்

சித்தப்பா: வேண்டாம் வேண்டாம் என்றே நாலு வருஷம் ஓடிவிட்டது அண்ணி

செல்வி: அங்கிக்கு யாராவது பதில் சொல்லுங்கள். இவர் காலையிலிருந்து "ஒன்கோ தாள்லா கில்ட்டெயா லப்சியா" என்று சொல்லிப் பழகுகிறார். வாசலில் நின்று அதைத்தான் கேட்க வேண்டும். நல்ல பிள்ளைகள் இங்கே இருக்கிறார்களா என்று.

கார்த்தி: குரல் பதிவு அனுப்பு அக்கா

பெரிய அத்தை: கொம்பு இல்லைதானே?

செல்வி: இல்லை அத்தை. சிவப்பு அங்கி, வெள்ளைத் தாடி, அவ்வளவுதான்.

பெரிய அத்தை: அப்படியென்றால் சரி. சம்பந்தியிடம் தாத்தா வேஷம் என்றே சொல்லு

பெரியப்பா: பங்கு விஷயம் ஞாயிறு பேசுவோம். மணி கட்டாயம் வர வேண்டும்.

மணி மாமா: பார்க்கலாம்

அம்மா: மாப்பிள்ளை அளவு அனுப்பு. டெய்லர் பொங்கல் துணி நிறைய இருக்கிறது என்கிறார்

செல்வி: அம்மா, நீ கிளம்புவதே 18ஆம் தேதி!