தொகை இருக்கிறது, பெயரைக் காணோம்: கிளை நூலகத்தில் எனக்கு நடந்தது

மன்னார்குடிப் பக்கம் ஒரு சின்ன ஊரில், கிளை நூலகத்தில் பத்தொன்பது வருடம் நூலகராக இருந்தேன். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. நூலகத்துக்கு வருகிறவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பேச்சு வந்தால் எல்லாரும் சத்தம் போடுகிறவர்களைப் பற்றித்தான் சொல்வார்கள். என்னைக் கேட்டால் சத்தம் ஒரு விஷயமே இல்லை. செல்போனில் பேசுகிறவரிடம் "சார், கொஞ்சம் வெளியே போய்ப் பேசுங்க" என்றால் எழுந்து போய்விடுவார். பக்கத்தை அறுக்கப் பிளேடோடு வருகிறவர் சத்தமே போடமாட்டார்.

காலையில் நான் வண்டியை நிறுத்துவதற்குள் வாசல்படியில் நாலைந்து பெரியவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தினத்தந்தியைத் தாள் தாளாகப் பிரித்துக்கொள்வார்கள், ஒருவர் கையில் முதல் பக்கம், இன்னொருவர் கையில் விளையாட்டு, எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள் என்று தினமும் சொல்வேன், தினமும் தலையாட்டுவார்கள். அப்புறம் அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு நாற்காலியை அடைக்கிறார்கள் என்று அவர்கள் மேல் புகார் வரும். வீட்டில் ஒரே அறை, மேலே தகரம், அந்தப் பிள்ளை வேறு எங்கே போய் உட்காரும்? அவர்களில் ஒரு பெண் கிராம நிர்வாக அலுவலராகி, முதல் சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகச் சேர்ந்தாள். பலகையில் அவள் பெயரை எழுதியபோது எனக்கு இருந்த சந்தோஷம் சொல்லி முடியாது.

"கவர்மென்ட் புஸ்தகம்தானே மேடம்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தின் ஓரத்தை மடிப்பவர்கள் நிறைய. அவர்களிடம், வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று தனியாகப் போட்டிருக்கும், சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து காசு, இது உங்கள் காசில் வாங்கியது என்பேன். பாதிப் பேருக்கு அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டம் அதற்கு வழி செய்தது, இந்தியாவிலேயே முதலில் அப்படியொரு சட்டம் போட்ட மாகாணம் நம்முடையதுதான். அதற்குப் பல வருடம் பாடுபட்ட எஸ்.ஆர்.ரங்கநாதன் சீர்காழிக்காரர். நூலகத் துறையில் உலகம் முழுக்க அவருடைய ஐந்து விதிகளைப் படிக்கிறார்கள், எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அவர் ஊருக்குப் போய்விடலாம். அந்த ஐந்து விதிகளை அவர் புத்தகமாக வெளியிட்ட அதே 1931இல்தான் மன்னார்குடி மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டி நூலகம் தொடங்கினார். பொறியாளராக இருந்தவர். வண்டியில் புத்தகத்தை அடுக்கி ஊர் ஊராக ஓட்டிப் போனார்கள். எங்கள் வாசகர் ஒருவர், அவருடைய அப்பா சின்ன வயதில் அந்த வண்டிக்குப் பின்னால் ஓடியிருக்கிறாராம், அதைச் சொல்லும்போதெல்லாம் அவர் குரல் மாறிவிடும். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அவரைத்தான் பேசச் சொல்வேன்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். எங்கள் நூலகத்தில் ஒரு இரும்பு பீரோ உண்டு. அதில் ஊர்ச் சமாச்சாரம் மட்டும் இருக்கும். கும்பாபிஷேக மலர்கள், தல வரலாறு, கூட்டுறவுச் சங்கத்தின் வெள்ளிவிழா மலர், பழைய நாடக நோட்டீஸ், பள்ளிக்கூடத்துப் பொன்விழா மலர். விலைக்கு வாங்கிய புத்தகம் தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம். இந்த மலர்களை அச்சடித்த அச்சகமே இன்று இல்லை. அதனால் இரவல் கிடையாது, அங்கேயே உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும்.

அந்த பீரோவைத் தேடி வருகிறவர்கள் ஒவ்வொருவரும் ஒரு விதம். ஒரு பெரியவர் 1906இல் ஹெமிங்வே என்கிற வெள்ளைக்கார அதிகாரி எழுதிய தஞ்சாவூர் மாவட்ட கெஜட்டியரை, அதாவது மாவட்ட விவர நூலை எடுத்து, தன் சாதியைப் பற்றிய வரிகளைப் பேனாவால் அடித்துவிட்டு ஓரத்தில் வேறு எழுதிவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவருடைய கோபத்திலும் நியாயம் இருந்தது, எவனோ வெளியூர்க்காரன் எழுதிய நாலு வரியை நூறு வருடமாகச் சுமக்க வேண்டியிருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, உங்கள் தரப்பை எழுதித் தேதியும் கையெழுத்தும் போட்டுக் கொடுங்கள், அந்தப் பக்கத்திலேயே வைக்கிறேன் என்றேன். மூன்று பக்கம் எழுதினார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

2018 நவம்பர் 16 கஜா புயல். கூரை ஓட்டில் பாதி பறந்து, பீரோவின் கீழ்த்தட்டு வரை தண்ணீர். வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்தத் தேர்வுப் பிள்ளைகளும் தினத்தந்திப் பெரியவர்களும், அவரவர் வீட்டில் தென்னை சாய்ந்து கிடக்க, இரண்டாம் நாளே வந்து நின்றார்கள். ஈரமான மலர்களை வெயிலில் போட்டால் சுருண்டுவிடும், அதனால் நிழலில் தரையில் பரப்பி, பக்கத்துக்குப் பக்கம் பழைய செய்தித்தாளைச் செருகி, நனைந்ததை எடுத்துவிட்டு மறுபடி செருகி, ஒரு வாரம் இதே வேலை. பொன்விழா மலர் அப்படித்தான் பிழைத்தது. அட்டையில் மட்டும் தண்ணீர்க் கோடு.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம், தை மாதம், மலேசியாவிலிருந்து ஒரு பெண் வந்தார், ஐம்பது வயது இருக்கும். அவருடைய தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கு போனவர், திரும்பி வரவில்லை. ஊர்ப் பள்ளிக்கூடம் கட்டப் பணம் அனுப்பினார் என்று மட்டும் வீட்டில் பேச்சு. "மிஸ், எங்கயாச்சும் தாத்தா பேரு இருக்குமா?" என்று கேட்டார். எனக்கு உடனே பொன்விழா மலர் ஞாபகம் வந்தது, அதில் நன்கொடையாளர் பட்டியல் உண்டு. எடுத்துப் பிரித்தால் அந்தத் தாள் இல்லை.

பிளேடால் சுத்தமாக அறுத்திருந்தது. தையல் ஓரம் இரண்டு விரல் அகலம் மட்டும் மிச்சம். முன்பக்கம் முழுவதும் ஒரு பழைய தலைமை ஆசிரியரின் படம் இருந்த தாள் அது, பட்டியல் அதன் பின்பக்கம். பின்பக்கத்தில் இடது ஓரம் பெயர், வலது ஓரம் தொகை. அறுத்ததில் பெயர்கள் போய்விட்டன, தையலை ஒட்டிய தொகைகள் நின்றுவிட்டன. ரூ. 51, ரூ. 25, ரூ. 101, ரூ. 10 என்று வரிசையாக. அந்தப் பெண் அவற்றின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கி வந்து, "இதுல எது தாத்தாவோடது மிஸ்?" என்றார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பொறுப்பு என்னுடையது.

அவர் ஊருக்குப் போய்விட்டார். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. வருகைப் பதிவேடுகளைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போனதில் ஒரு பெயரில் நின்றேன். தலைமை ஆசிரியரின் மகன். அவரும் ரிட்டையர்ட் ஆனவர், மரியாதையான மனிதர். அன்றைக்குக் கரண்ட் இல்லாமல் ஜெராக்ஸ் கடை மூடியிருந்ததும், நாளைக்கு வாருங்கள் சார் என்று நான் சொன்னதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவரில் சந்தன மாலையோடு அந்தப் படம், கண்ணாடிக்குள். காபி கொடுத்தார்கள். நான் சண்டைக்குப் போகவில்லை, மலேசியப் பெண் வந்ததை மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நாற்காலி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினார், கொறடால் பின்பக்கத்து ஆணிகளைப் பிடுங்கி அட்டையை எடுத்தார். பெயர்கள் அங்கே இருந்தன, இத்தனை நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டு. "அப்பாவோட வேற போட்டோ எங்ககிட்ட இல்ல மேடம், பின்னாடி என்ன இருக்குன்னு பார்க்கவே இல்ல" என்றார். கண் கலங்கிவிட்டது. பிரேமுக்குப் பொருந்த வேண்டும் என்று கடைக்காரர் அடிப்பக்கத்தைக் கத்தரித்திருந்ததால் கடைசி நான்கு பெயர்கள் போனது போனதுதான்.

தாளை அவரே மறுநாள் நூலகத்தில் கொண்டுவந்து கொடுத்தார். பிரேமில் இப்போது கலர் ஜெராக்ஸ் இருக்கிறது. அந்த வாரமே பீரோவில் இருந்த எல்லா மலர்களையும், ஒரு பக்கம் விடாமல், தேர்வுப் பிள்ளைகள் செல்போனில் படம் பிடித்துக் கொடுத்தார்கள். ஒட்டிய தாளோடு மலர் இன்றும் அங்கே உண்டு. கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், நூலகர் பார்வையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

பட்டியலைப் படம் எடுத்து மலேசியாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதினோராவது வரியில் தாத்தா பெயரும் பினாங்கும் இருந்தன, இன்ஷியல்தான் வேறு. இவர்தானா என்று எனக்குச் சந்தேகம். மறுநாள் ஒரு குரல்பதிவு வந்தது, அந்தப் பெண்ணின் அம்மா, எண்பதைத் தாண்டியவர். இன்ஷியலில் ஊர்ப் பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள், எங்கள் அப்பாதான் என்றார். அப்புறம் அந்த வரியை மட்டும் மெதுவாக, எழுத்துக் கூட்டி, இரண்டு தடவை வாசித்தார்.