அயோவா கிராமத்துக்குக் குடிபோகும் நம்மவர் கவனத்துக்கு

அமெரிக்காவில் ஜே-1 எனும் பரிமாற்ற விசாவில் பயிற்சி முடித்த வெளிநாட்டு மருத்துவர்கள், இரண்டாண்டுகள் தாய்நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து கான்ராட்-30 திட்டத்தின் வழியாக விலக்குப் பெற்றால், மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் மூன்றாண்டுகள் பணிபுரிய வேண்டும். நம் குடும்பங்கள் சில அயோவா மாநிலத்தின் மக்காச்சோள வயல்களுக்கு நடுவே வந்து இறங்குவது இப்படித்தான். முதலாண்டில் ஊருக்குள்ளேயே வாடகை வீடு பாருங்கள் என்பதே என் கருத்து. ஐந்து ஏக்கரும் பெரிய வீடும் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஊருக்கு வெளியே வாங்கினால், தண்ணீரும் எரிவாயுவும் உங்கள் தலையில்தான் விடியும்.

வெளியே உள்ள பல வீடுகளுக்கு ஆழ்துளைக் கிணற்று நீர்தான். வயலுக்கு இடும் உரமும் பன்றிப் பண்ணைக் கழிவும் மண்ணில் இறங்குவதால், அந்த நீரில் நைட்ரேட் கலந்திருக்க வாய்ப்புண்டு. அதற்கு நிறமோ மணமோ சுவையோ கிடையாது. பொதுக் குடிநீருக்கான வரம்பு, நைட்ரஜன் கணக்கில், லிட்டருக்கு 10 மில்லிகிராம். எதற்கும் இருக்கட்டும் என்று தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் நம் வழக்கம் இங்கே பயன்படாது. காய்ச்சக் காய்ச்ச நீர் ஆவியாகி, நைட்ரேட்டின் செறிவு கூடவே செய்யும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு அந்த நீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும் அபாயம் உண்டு. ஆகவே வீட்டை வாங்குமுன் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு) சுகாதார அலுவலகத்தை அணுகி நீரைப் பரிசோதித்துவிடுங்கள். நைட்ரேட் மிகுந்திருந்தால் ஆர்.ஓ. கருவி வேண்டும், சாதாரணக் கரி வடிகட்டி அதை நீக்காது.

குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க, முற்றத்தில் நிற்கும் வெள்ளைத் தொட்டியில் புரோப்பேன் நிரப்ப வேண்டும். அறுவடை ஈரமாக அமைந்த ஆண்டுகளில் விவசாயிகள் தானியம் உலர்த்தவும் அதே வாயுவையே எரிப்பதால், அக்டோபர், நவம்பரில் தட்டுப்பாடு வரலாம். கோடையிலேயே நிரப்பிவிடுவது நல்லது.

சாலைகள் பெரும்பாலும் மைலுக்கு ஒன்றாகக் கட்டம் போட்டாற்போல ஓடும்; வழி தவறுவது கடினம். ஆனால் ஆகஸ்டில் சோளம் ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும்போது, சரளைச் சாலைச் சந்திப்பில் குறுக்கே வரும் வண்டி கண்ணில் படாது. நிறுத்தப் பலகையே இல்லாத சந்திப்புகளும் உண்டு. வேகத்தைக் குறைத்தே கடந்து செல்லுங்கள். முன்னே செல்லும் வாகனத்தின் பின்புறம் ஆரஞ்சு முக்கோணம் தெரிந்தால், அது மெதுவாகச் செல்லும் பண்ணை வண்டி. மேட்டுப் பாதையில் முந்த வேண்டாம். நவம்பரில் அந்தி நேரத்தில் மான்கள் குறுக்கே பாயும்.

எதிரே வருபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினால் அது வணக்கம், நீங்களும் உயர்த்துங்கள். எந்தத் தேவாலயத்துக்குப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். அதில் உள்நோக்கம் தேட வேண்டியதில்லை. மாநிலத் தலைநகர் டெமாய்னுக்கு அருகே மேட்ரிட் என்ற ஊரில் இந்துக் கோயில் இருப்பதைச் சொன்னால் ஆர்வமாகவே கேட்டுக்கொள்வார்கள். பனி கொட்டிய மறுநாள் பக்கத்து விவசாயி டிராக்டரில் வந்து உங்கள் பாதையை வழித்துவிட்டுப் போகக்கூடும். பணம் நீட்டினால் பெரும்பாலும் வாங்கமாட்டார். அவர் ஊர்த் தன்னார்வத் தீயணைப்புப் படையில் இருந்தால், அவர்கள் நிதி திரட்ட நடத்தும் பான்கேக் விருந்துக்குக் குடும்பத்தோடு போய், அங்குள்ள நன்கொடைப் பெட்டியில் தாராளமாகப் போட்டுவிடுங்கள்.