ஆடி முதல் நாளும் மூன்று முதுகுப்பையும்

குழு: சேன் ஆந்த்ரே வீடு (ரீயூனியன் தீவு)

ஜூலை 15, 2022, வெள்ளி

அருண்: காலை வணக்கம். பூர் முராவில் ஒரு ரொட்டிக்கடை வாசலில் நிற்கிறோம். இங்கே சிக்னல் நன்றாக இருக்கிறது. இன்று இரவு தங்குவது வல்கான் ஜீத் (மலை விடுதி), நாளை இரவு பாஸ் வல்லே ஜீத், ஞாயிறு காலை கடற்கரை ரோட்டுக்கு இறங்கிவிடுவோம். அதோடு ஜி.ஆர். ஆர்2 மலை நடைபாதை முடிந்தது. அங்கிருந்து நான், முரளி, கெவின் மூன்று பேரும் செலவில்லாமல் வீடு வந்து சேர வழி சொல்லுங்கள்.

லதா: முதலில் சாப்பிட்டாயா?

அருண்: சாப்பிட்டேன் அம்மா.

லதா: பூர் முரா என்றால் எஸ்2 பஸ் போகிற ரோடுதானே. இப்போதே ஏறினால் ப்ளேன் தே பல்மிஸ்த் வழியாக சேன் பெனுவா வந்துவிடலாம். இதுவரை நடந்தது போதாதா?

அருண்: சேன் தெனியில் தொடங்கி மஃபாத், சிலாவோஸ் எல்லாம் ஏறி இறங்கிவிட்டு, கடைசித் துண்டுக்கு வந்ததும் பஸ் ஏறச் சொல்கிறாயே.

சேகர்: 130 கிலோமீட்டர் வழி அக்கா. இப்போது போய் விடுவானா? அருணு, நானே வந்து கூட்டி வருகிறேன். கிரான் ப்ரூலே லாவா வெளியைத் தாண்டினால் பாஸ் வல்லேதான்.

வசந்தா: சேகர், ஞாயிறு என்ன நாள் என்று காலண்டரைப் பார்த்தாயா? ஆடி ஒண்ணாந்தேதி. ஆயாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன் என்று நீதான் வாக்குக் கொடுத்தாய். இப்போது ஓடுகிற நிலையில் இருக்கிற கார் உன்னுடையது ஒன்றுதான்.

சேகர்: காலையில் கோயில், மதியம் பாஸ் வல்லே. அவ்வளவுதானே.

கவிதா: மாமா, போக வர 140 கிலோமீட்டர் பக்கம் ஆகும். அந்த வளைவுகளில் பத்து லிட்டராவது குடிக்கும். பெட்ரோல் விற்கிற விலையில் இது உதவியா தண்டச் செலவா? அதுவும் ஞாயிறு மாலை அந்த ரோட்டில் பிக்னிக் முடித்துத் திரும்புகிற வண்டிகள் ஊர்வலமாக வரும்.

ராஜா (பாரீஸ்): நான் சொல்கிறேன் கேளுங்கள். கார் பகிர்வு செயலி ப்ளாப்ளாகாரில் தேடினால் அரை மணியில் இடம் கிடைக்கும். இங்கே எல்லோரும் அப்படித்தான். முரளிக்குத் திங்கள் இரவு விமானம், அதை யாரும் மறந்துவிட வேண்டாம்.

கவிதா: சித்தப்பா, பாஸ் வல்லேயிலிருந்து சேன் ஆந்த்ரேவுக்கு ஞாயிற்றுக்கிழமை யார் வந்து இடம் போடுவார்கள்? இங்கே ரோட்டோரம் நின்று கட்டை விரலைக் காட்டுவதுதான் ப்ளாப்ளாகார்.

அருண்: அதைத்தான் நானும் நினைத்தேன். கை காட்டி வந்துவிடலாம்.

சேகர்: ஒருவன் என்றால் நிறுத்துவார்கள். மூன்று ஆண்பிள்ளைகள், மூன்று பெரிய பை, முழங்கால் வரை சேறு. நானே நிறுத்தமாட்டேன்.

லதா: டாக்ஸி என்ன கேட்பான்?

கவிதா: ஞாயிறு மீட்டர் வேறு சித்தி, கூடுதல். அந்தக் காசுக்கு இன்னொரு முறை ஜீத் எல்லாம் போட்டு நடந்துவிட்டு வரலாம். கொஞ்சம் பொறுங்கள், கார் ஜோன் பஸ் அட்டவணையைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ராஜா (பாரீஸ்): 🙏 [படம்: இனிய வெள்ளிக்கிழமை வாழ்த்துகள்]

கவிதா: பார்த்துவிட்டேன். அருண், சிக்னல் போவதற்குள் இதைப் படித்துக்கொள். பாஸ் வல்லே ரோட்டில் எஸ்1 வரும். அது சேன் பெனுவாவுக்கும் சேன் பியேருக்கும் நடுவே சேன் பிலிப் வழியாக ஓடுகிற வண்டி. நீங்கள் நிற்கிற இடத்தில் இரண்டு திசையிலும் வரும், அவசரத்தில் மாறி ஏறிவிடாதே. கிழக்கே போவது சேன்த் ரோஸ், சேன் பெனுவா. உங்களுக்கு அதுதான். டிக்கெட் ஆளுக்கு 2 யூரோ. ஓட்டுநரிடமே வாங்க வேண்டும், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது யூரோ நோட்டை நீட்டினால் அவர் பார்க்கிற பார்வையே சரியிருக்காது.

கவிதா: ஞாயிறு வண்டிகள் மிகக் குறைவு. காலையில் இரண்டாவதாக வருகிற வண்டிதான் உங்களுக்குச் சரியான வண்டி. அதை விட்டால் பிற்பகல் வரை தேவுடு காக்க வேண்டும். ஜீத்திலிருந்து ரோட்டுக்கு இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?

அருண்: 600 மீட்டர் சொச்சம் இறக்கம், காட்டு ரோடு. இரண்டு, இரண்டரை மணி நேரம்.

சேகர்: நாளைக்கு நடக்கிறதுதான் ஆளைக் கொல்லும். நே கூப்பே தாண்டியதும் காடு, வேர், சேறு. வேர்மேல் கால் வைக்காதே, வழுக்கும். ஞாயிறு காலை கால் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் பஸ் கணக்கெல்லாம். இரண்டரை மணியை மூன்றரையாகவே வைத்துக்கொள்.

லதா: மேற்கே சுற்றி வந்தால் என்ன? சேன் பியேருக்குப் போனால் அங்கிருந்து சேன் தெனிக்கு வண்டிக்குப் பஞ்சமில்லையே.

சேகர்: 2007 ஏப்ரலில் லாவா வந்து ரோட்டை மூடியபோது நாங்கள் அப்படித்தான் தீவையே சுற்றினோம். போனதும் வந்ததுமே ஒரு நாள். இப்போது ரோடு திறந்திருக்கும்போது எதற்கு அந்த வேலை? வல்கான் எரிமலையும் இப்போது சும்மாதான் இருக்கிறது.

வசந்தா: சரி, நான் ஒன்று சொல்கிறேன். யாரும் தனியாக வண்டி எடுக்க வேண்டாம். சேகர் காலையில் ஆயாவைக் கோயிலில் காட்டிவிட்டு வரட்டும். பிள்ளைகள் பஸ்ஸில் சேன் பெனுவா வரை வரட்டும். அங்கிருந்து இங்கே பதினைந்து கிலோமீட்டர்கூட இல்லை, சேகர் போய் அழைத்து வருவான். எல்லோரும் இங்கேயே சாப்பிடட்டும். கவிதா எப்படியும் சாப்பாட்டுக்கு வருகிறாள், மாலை சேன் தெனி திரும்பும்போது கெவினை அவன் வீட்டில் இறக்கிவிடுவாள். முரளி இங்கே தங்கிவிட்டுத் திங்கள் மாலை விமான நிலையம் போவான்.

கவிதா: அம்மா, நீ பிரெஃபெக்ச்சர் அரசு அலுவலகத்தில் இருக்க வேண்டியவள்.

அருண்: ஆளுக்கு 2 யூரோவில் முடிந்தது. 🙌 நன்றி பெரியம்மா. சரி, ஏறுகிறோம்.

வசந்தா: இன்னும் ஒன்று. பக்கத்து வீட்டு மதாம் கூட்டம் ஞாயிறு காப் மெஷானில் பிக்னிக். அது பாஸ் வல்லேயில்தான் இருக்கிறது. பஸ் தவறினால் நேரே அங்கே போய்விடுங்கள். சொல்லி வைக்கிறேன்.

ஜூலை 16, 2022, சனி

லதா: அருண்?

லதா: மதியம் ஆகிவிட்டது, என் செய்திக்கு ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது.

சேகர்: அக்கா, காட்டுக்குள் போன் எடுக்காது. நடக்கிறவனை நடக்க விடு.

அருண்: 19:40. ஜீத்தில் இருக்கிறோம். வாசலில் கல்மேல் நின்றால்தான் சிக்னல் வருகிறது. மாமா சொன்னது சரிதான், கடைசி மூன்று மணி நேரம் நடக்கவில்லை, சேற்றில் நீந்தினோம். முரளிக்கு இடது முழங்கால் வீங்கியிருக்கிறது. விழவில்லை, தொடர்ந்து இறங்கினதால் வந்தது. தடி வைத்து நடக்கிறான்.

ராஜா (பாரீஸ்): போட்டோ அனுப்பு. டாக்டரிடம் காட்ட வேண்டுமா? விமானம்!!

முரளி: அப்பா, முழங்கால்தான். விமானத்தில் உட்கார்ந்துகொண்டுதானே வரப்போகிறேன்.

ராஜா (பாரீஸ்): கேஸ் கார்ட்ரிட்ஜைப் பெட்டியில் வைத்துவிடாதே. கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது.

முரளி: அது கெவினுக்குத்தான் அப்பா. ஏற்கனவே பேசியாயிற்று.

சேகர்: அருணு, கேள். நாளைக்கு இரண்டாவது வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று முரளியை ஓடவிடாதே. வீங்கின முழங்காலோடு இறக்கத்தில் ஓடினால் திங்கட்கிழமை சக்கர நாற்காலிதான் கேட்க வேண்டியிருக்கும். பஸ் போனால் போகட்டும்.

அருண்: அதையேதான் பேசிக்கொண்டிருந்தோம். நானும் கெவினும் முன்னால் ஓடி வண்டியை நிறுத்தி வைக்கலாம் என்றான் கெவின். 

கவிதா: அரை மணி நேரம் நிறுத்தி வைப்பாரா ஓட்டுநர்? யாரையும் மலையில் தனியாக விட்டுவிட்டு வரவேண்டாம். வெளிச்சம் வந்ததும் கிளம்புங்கள், மூன்று பேரும் ஒன்றாக இறங்குங்கள்.

ஜூலை 17, 2022, ஞாயிறு

ராஜா (பாரீஸ்): 🙏 [படம்: ஆடி மாத வாழ்த்துகள்]

வசந்தா: ஆயா கோயிலுக்குப் போய் வந்துவிட்டார்கள். பாயசம் அடுப்பில் இருக்கிறது. பிள்ளைகள் எங்கே?

அருண்: ரோட்டுக்கு வந்துவிட்டோம்! முடிந்தது! ஆனால் நாங்கள் கடைசி வளைவில் வரும்போதே மஞ்சள் வண்டி கீழே போனது தெரிந்தது. முரளி மெதுவாகத்தான் வந்தான். வழி காலியாக இருக்கிறது, அடுத்தது பிற்பகல்தான்.

லதா: முரளி எப்படி இருக்கிறான்?

முரளி: நடக்கிறேன் பெரியம்மா. பசிதான் அதிகம்.

வசந்தா: காப் மெஷானுக்குப் போங்கள். மதாமிடம் நேற்றே சொல்லியாயிற்று. நீல வேன், வக்கோவா மரத்தடியில் இருப்பார்கள். மூன்று பானை இருக்கும், அதுதான் அடையாளம்.

கெவின்: அங்கே நாற்பது குடும்பம் இருக்கிறது, எல்லோரிடமும் மூன்று பானை இருக்கிறது 😅

அருண்: கண்டுபிடித்துவிட்டோம். விறகு அடுப்பில் கோழி காரி, பக்கத்தில் ருகாய் சோசீஸ் என்கிற தொத்திறைச்சிக் குழம்பு. மதாம் எங்களைப் பார்த்ததும் முதலில் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள், அப்புறம்தான் தட்டு. 

சேகர்: வேனில் இடம் இருக்கிறதா?

அருண்: ஒரே ஒரு சீட்டு. மற்றதெல்லாம் பானை, பாய், ஐஸ் பெட்டி, இரண்டு பாட்டி. முரளியும் மூன்று பையும் வேனில். நானும் கெவினும் பிற்பகல் எஸ்1. பையைத் தூக்காமல் பஸ் ஏறுவது சொர்க்கம்.

கவிதா: மூளை இருக்கிறது. பணப்பையும் போனும் முதுகுப்பையில் போய்விடாமல் பார்த்துக்கொள். இருக்கிற சில்லறையை எண்ணினாயா?

அருண்: 4 யூரோ சரியாக இருக்கிறது. முரளிதான் கொடுத்தான்.

அருண்: ஏறிவிட்டோம். கிழக்கே போகிற வண்டிதான், இரண்டு முறை கேட்டுவிட்டேன் கவிதா அக்கா. சீட்டில் செய்தித்தாள் போட்டு உட்காரச் சொன்னார் ஓட்டுநர், கால்சட்டை அந்த லட்சணம்.

சேகர்: சேன் பெனுவா பஸ் நிலையத்தில் நிற்கிறேன். நடுவில் வேறெங்கும் இறங்கித் தொலைக்காதே.

அருண்: கிரான் ப்ரூலேயில் இருக்கிறோம். லாவா பார்க்க நிறுத்தியிருக்கிற கார்களால் வண்டி ஊர்கிறது. ஒரு பாட்டி இறங்குவதற்குக் கை தட்டினார்கள், ஓட்டுநர் நிறுத்தினார். கெவின் தூங்கிவிட்டான், சேன் பெனுவாவில் நான்தான் தட்டி எழுப்ப வேண்டும்.

சேகர்: 16:50. இரண்டு பேரையும் ஏற்றியாயிற்று. கார் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுகிறேன், ஏன் என்று கேட்காதீர்கள்.

வசந்தா: குளிக்க வெந்நீர் போட்டிருக்கிறேன். பின்வாசல் வழியாக வரட்டும்.

ராஜா (பாரீஸ்): முரளி எங்கே? போன் எடுக்கவில்லை.

லதா: வேன் நான்கு மணிக்கே கிளம்பும் என்றார்களே.

அருண்: நாங்கள் ஏறும்போது அவர்கள் டோமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள்.

கவிதா: 18:20, இருட்டிவிட்டது. நான் சேன் தெனி திரும்ப வேண்டும், கெவினின் பை அந்த வேனில் இருக்கிறது. வீட்டுச் சாவி பையிலாம்.

முரளி: மன்னிக்கவும், போன் சார்ஜ் இல்லாமல் இருந்தது. பித்தோன் சேன்த் ரோஸில் இருக்கிறோம். பாட்டிகள் நோத்ர் தாம் தே லாவ் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்றார்கள். 1977-இல் லாவா எதுவரை வந்தது என்று எனக்கு நின்று நிதானமாகக் காட்டினார்கள். இப்போது கிளம்பிவிட்டோம்.

சேகர்: காரில் வந்தவன் பஸ்ஸில் வந்தவனுக்குப் பின்னால் வருகிறான். 😂

ராஜா (பாரீஸ்): முழங்கால்?

முரளி: வழியெல்லாம் மதாம் ஐஸ் பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்துத் துணியில் கட்டி வைத்தார்கள். வீக்கம் பாதி இறங்கிவிட்டது.

கவிதா: 19:30. வேன் வந்தது. கெவினையும் பையையும் சாவியையும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறேன். கேஸ் கார்ட்ரிட்ஜ் அவனிடம் வந்துவிட்டது சித்தப்பா, நிம்மதியாகத் தூங்குங்கள்.

அருண்: பெரியம்மா, மதாமுக்குப் பெட்ரோல் காசு எவ்வளவு கொடுக்கலாம்? கேட்டால் கையைத் தட்டிவிடுகிறார்கள்.

வசந்தா: காசை நீட்டி அவமானப்படுத்தாதே. பாயசம் ஒரு தூக்கில் எடுத்து வைத்திருக்கிறேன், சூட்டோடு கொண்டுபோய்க் கொடு. நாளை காலை போய் வேனைக் கழுவிக் கொடு, அந்தப் பைகள் செய்த கோலம் எனக்குத் தெரியும். அப்புறம் தூக்கைத் திரும்ப வாங்கி வா. போன தடவை கொடுத்ததே இன்னும் வரவில்லை.